குடியேறுதலும் குடியேற்றப்படுதலும்

சில வாரங்களுக்கு முன்னர், பால பண்டித வகுப்பிலே வினையியல் நடந்துகொண்டிருந்தது. தன்வினைக்கும் பிறவினைக்கும் உதாரணம் கேட்டேன். "திருந்தினான், திருத்தினான்" என்றான் ஒருவன். "உருண்டது, உருட்டினான்" என்றான் மற்றொருவன். பின்வாங்கில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "குடியேறினர், குடியேற்றினர்" என்றாள். வகுப்பிலே ஒரு சிரிப்பு எழுந்தது. எழுந்த வேகத்திலேயே அடங்கியது. அவள் வீடு மீள்குடியேற்றக் கிராமம் ஒன்றில் உள்ளது என்பதை எல்லாரும் அறிவர். உதாரணம் மிகச் சரியானது என்று சொல்லி அவளை இருக்கச் செய்தேன். ஆயினும் அந்த இரண்டு சொற்களும் என்னை விட்டு நீங்கவில்லை.

அக்காலத்திலே சாகோஸ் தீவுகளைப் பற்றிய செய்திகளை நான் தொகுத்து வாசித்துக்கொண்டிருந்தேன். அத்தீவுகள் குறித்து ஐக்கிய இராச்சியமும் மொரீசியசும் 2025 மே 22 அன்று ஓர் ஒப்பந்தம் கைச்சாத்திட்டன. அதன்பொருட்டு எழுந்த வாதங்களெல்லாம் இறைமை, படைத்தளம், வல்லரசுப் போட்டி என்பவற்றையே சுற்றிச் சுழன்றன. எனக்கோ அங்கே தெரிந்தது என் மாணவியின் இலக்கண உதாரணம். அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாலைதீவுக்குத் தெற்கே ஏறக்குறைய 500 கிலோமீற்றர் தொலைவில், இந்து சமுத்திரத்தின் நடுவே கிடப்பது சாகோஸ் தீவுக்கூட்டம். சுமார் 60 சிறு தீவுகள். அவற்றுட் பெரியது டியாகோ கார்சியா. அதன் நிலப்பரப்பு எங்கள் நெடுந்தீவினும் சிறிது. பவளப்பாறையின் மேல் வெண்மணல், வெண்மணலின் மேல் தென்னை, நடுவே அமைதியான களப்பு. கடல்மட்டத்திலிருந்து நிலத்தின் உயரம் சராசரியாக ஓரிரண்டு மீற்றரே.

இத்தீவுகளில் ஆதிக்குடிகள் இருந்ததில்லை. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே பிரெஞ்சுத் தோட்டக்காரர் மொசாம்பிக்கிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் கொண்டுவரப்பட்ட அடிமைகளை இங்கே இறக்கித் தென்னந்தோட்டம் உண்டாக்கினர். 1814இல் பாரிஸ் உடன்படிக்கையால் தீவுகள் பிரித்தானியர் கைக்கு மாறின. 1835இல் மொரீசியசில் அடிமைமுறை ஒழிந்தது. அதன்பின்னர் இந்தியாவிலிருந்தும் சிலர் கூலிகளாய் வந்து சேர்ந்தனர். ஆகவே இம்மக்களின் வரலாறு பிறவினையிலேதான் தொடங்குகிறது. வந்தவர் எவரும் விரும்பி வந்தவரல்லர், பிறரால் இறக்கப்பட்டவர்.

ஆயினும் ஐந்தாறு தலைமுறை கழிந்தது. தோட்டம் முதலாளியுடையதாய் இருந்தபோதிலும் வாழ்வு அவர்களுடையதாயிற்று. பகலிற் கொப்பறா வேலை, மாலையிற் களப்பில் மீன், வீட்டைச் சுற்றிக் கோழியும் காய்கறியும், தேங்காய்ப்பாலிற் சமைத்த மீன் கறி, சனிக்கிழமை இரவிற் பறையும் சேகா என்னும் ஆடலும், ஞாயிறு தேவாலயம், இறந்தோர்க்கு இடுகாடு. அரிசியும் மாவும் எண்ணெயும் தோட்டம் பங்கீடாய்க் கொடுத்தது. காசுக்கு அங்கே வேலை மிகக் குறைவு. கிரியோல் மொழியிலே தமக்கென ஒரு வழக்கும் அவர்களுக்கு அமைந்தது. இவற்றில் எதனையும் ஓர் அரசாங்கமோ முதலாளியோ செய்து கொடுக்கவில்லை. அவர்களே செய்துகொண்டார்கள். இவ்வாறாகப் பிறவினை தன்வினையாயிற்று, இறக்கப்பட்டவர் குடியானார்.

1965 நவம்பர் 8 அன்று, பிரித்தானியா சாகோசை மொரீசியசிலிருந்து பிரித்து, 'பிரித்தானிய இந்து சமுத்திர ஆள்புலம்' என்னும் புதிய பெயரில் வைத்துக்கொண்டது. மொரீசியசுக்கு 30 லட்சம் பவுண் கொடுக்கப்பட்டது. மறு ஆண்டு, டிசம்பர் மாதத்தில், பாதுகாப்புத் தேவைகளுக்காக அத்தீவுகளை அமெரிக்காவுக்கு 50 ஆண்டுகள் வழங்கும் உடன்பாடு செய்யப்பட்டது. படைத்தளத்துக்கு மனிதர் இல்லாத தீவு வேண்டும் என்பது விருப்பம். தீவிலோ மனிதர் இருந்தனர். இந்த இடரை நீக்க அதிகாரிகள் முதலிற் கையாண்டது கப்பலன்று, ஒரு சொல். அங்கே நிலையான குடிகள் இல்லை, இருப்போர் வந்துபோகும் ஒப்பந்தத் தொழிலாளரே என்று எழுதினார்கள். பிற்காலத்தில் நீதிமன்றத்தில் வெளிவந்த ஆவணங்கள் இதனைத் தெளிவாகக் காட்டின. 'குடி' என்ற சொல்லை நீக்கித் 'தொழிலாளர்' என்ற சொல்லை இட்டதும், ஒரு மக்கட் கூட்டம் கடதாசியில் இல்லாமற் போயிற்று. பின்னர் அதனை நிலத்திலும் இல்லாமற் செய்வது எளிதாயிற்று.

மலையகத் தமிழரின் வரலாற்றைப் படித்தவர்களுக்கு இது புதிதன்று. ஏறக்குறைய அதே காலத்தில், 1964 ஒக்டோபரில், 975,000 பேரை 525,000 என்றும் 300,000 என்றும் மிகுதி 150,000 என்றும் இரண்டு பிரதமர்கள் பங்கிட்டார்கள். பங்கிடப்பட்டோரை எவரும் கேட்கவில்லை.

சாகோசிலே, மருத்துவத்துக்காகவும் உறவினரைக் காணவும் மொரீசியசு சென்றோர், 1968 முதலாகத் திரும்பிச் செல்லக் கப்பல் இல்லை என்று சொல்லப்பட்டனர். 1971இல் டியாகோ கார்சியா வெறுமையாக்கப்பட்டது. மக்கள் கண்முன்னே அவர்களின் வளர்ப்பு நாய்கள் கொல்லப்பட்டன. 1973க்குள் பெரோஸ் பன்னோஸ், சலொமொன் என்னும் ஏனைய தீவுகளும் வெறுமையாயின. ஏறக்குறைய 1,500 முதல் 2,000 வரையான மக்கள் மொரீசியசிலும் சீசெல்சிலும் இறக்கப்பட்டனர்.

ஈண்டு ஒரு வினா எழலாம். மொரீசியசும் வெப்பமண்டலத் தீவுதானே? அங்கேயும் தென்னை உண்டு, கடல் உண்டு, கிரியோல் மொழி உண்டு. ஒரு தீவிலிருந்து மற்றொரு தீவுக்கு மாறுவதில் அப்படியென்ன இடர்? அன்று கோப்புகளை எழுதிய அதிகாரிகளும் ஏறக்குறைய இவ்வாறே எண்ணியிருத்தல் வேண்டும்.

நம் பொருளிலக்கணம் இதற்கு விடை தருகிறது. ஒரு திணை என்பது நிலம் மட்டுமன்று. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்னும் மூன்றும் சேர்ந்ததே திணை. நிலமும் பொழுதும் முதல். தெய்வம், உணவு, தொழில், பறை, யாழ் முதலியன கரு. ஒழுக்கமும் உணர்வும் உரி. அதிகாரிகள் முதலை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கடலுக்குக் கடல் சரி என்று கணக்கை மூடினார்கள்.

ஆனால் கரு வேறாயிற்று. கொப்பறாத் தொழில் ஒன்றையே அறிந்தவர்கள், கரும்பும் துறைமுகமும் பிழைப்பாயுள்ள நாட்டில் இறங்கினார்கள். அந்நாட்டிலோ அப்போது அந்நாட்டு மக்களுக்கே வேலை இல்லை. காசின்றி வாழ்ந்தவர்களுக்கு, தண்ணீர் முதல் விறகு வரை காசு வேண்டியதாயிற்று. போட் லூயிஸ் நகரின் ஓரத்திலே, காசி, றோஷ் புவா முதலிய சேரிகளில் தகரக் கொட்டில்களில் ஒதுங்கினார்கள். கடைசியாக வந்த கப்பலில் இருந்தோர், தங்குமிடம் தந்தாலன்றி இறங்கோம் என்று கப்பலிலேயே இருந்துவிட்டனர். தீவார் என்னும் பொருளுடைய 'இல்வா' என்ற பெயர் அங்கே ஏளனச் சொல்லாயிற்று. 'தீவான்' என்று யாழ்ப்பாணத்திலே இளக்காரமாய்ச் சொல்லக் கேட்டவர்களுக்கு அதன் கூர்மை விளங்கும்.

உரிப்பொருளைப் பற்றிச் சொல்ல அவர்கள் மொழியிலேயே ஒரு சொல் உண்டு: சக்றென். பிரெஞ்சு மொழிச் சொல்லின் வழிவந்தது. துயரம் என்று அகராதி சொல்லும். ஆயின் அம்மக்கள் அதனை ஒரு நோயின் பெயராக வழங்குகின்றனர். பிறந்த மண்ணை நினைந்து, உண்ணாமல் உறங்காமல் வற்றி இறத்தலே அந்நோய். 'ஏங்கிச் செத்தார்' என்று நம்மவர் சொல்வதில்லையா? அதுபோன்றது. அம்மக்களின் உரிமைப் போராட்டத்தில் முன்னின்ற லிசெட் தலாத் என்னும் மூதாட்டி, தம் குழந்தைகள் இருவரைத் துயரமே கொண்டுபோயிற்று என்று சொல்லிவந்தார். 2012இல், தம் தீவிற் குடியிருக்கும் உரிமை கிட்டாமலே, அவரும் காலமானார். நெய்தலுக்கு இரங்கலை உரிப்பொருளாக வைத்தனர் நம் முன்னோர். கடலையும் மணலையும் பார்த்துப் பார்த்தே இரங்கும் ஒரு கூட்டம் நம் காலத்தில் நம் கடலிலேயே உண்டு என்பதை நாம் அறியாதிருந்தோம்.

பணம் கொடுக்கப்பட்டதே என்பர் சிலர். கொடுக்கப்பட்டது உண்மை. 1970களில் மொரீசிய அரசுக்கு 650,000 பவுண் சென்றது. மக்கள் கையிற் சேர்ந்தது பல ஆண்டுகளின் பின்னர். 1982இல் மேலும் 40 லட்சம் பவுண். அதைப் பெற்றவர்களுட் பலர், தமக்கு விளங்காத சட்ட மொழியில் எழுதிய தாளிலே கைநாட்டிட்டனர். திரும்பும் உரிமையைத் துறக்கிறோம் என்பது அத்தாளின் பொருள் என்று பின்னரே அறிந்தோம் என்றனர். குடியேற்றியவர் கணக்கில் எல்லாம் முடிந்தது. குடியேறவேண்டியவர் வாழ்வில் எதுவும் தொடங்கவில்லை.

அப்படியாயின், அயல் தீவிற் குடியேறுதல் எவர்க்கும் இயலாததா? அன்று. அதே மொரீசியசிலே தமிழர் இருக்கின்றனர். 1735 முதல் ஆளுநராயிருந்த லபூர்தொனே காலத்திற் புதுச்சேரியிலிருந்து கம்மியரும் கொத்தரும் சென்றனர். 1834 முதல் ஏறக்குறைய ஐந்து லட்சம் இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாய் அத்தீவில் இறங்கினர். அவர்களுள்ளும் தமிழர் உண்டு. அவர்கள் பட்ட துன்பம் சிறிதன்று. பேச்சு மொழியாகத் தமிழ் அங்கே பெரும்பாலும் மறைந்தும் போயிற்று. ஆனாற் கோயில் எழுந்தது, காவடி எழுந்தது, தைப்பூசம் நாட்டின் விடுமுறை நாளாயிற்று. 1998இல் வெளிவந்த நாணயத்தாள்களில் தமிழெழுத்து தன் பழைய இடத்திலிருந்து கீழிறக்கப்பட்டபோது, அம்மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அத்தாள்கள் மீளப் பெறப்பட்டன. தமிழிற் சரளமாய்ப் பேச இயலாதவர்கள் தமிழெழுத்துக்காக எழுந்தார்கள்! நகைக்கத் தோன்றுவோர் நகைக்கலாம். எனக்கோ அது குடியமர்வின் இலக்கணமாகத் தோன்றுகின்றது. காசுத்தாளில் என் எழுத்து எங்கே என்று கேட்கும் துணிவு வந்தபோது, அவர்கள் அந்நாட்டின் குடியாகிவிட்டார்கள். அத்துணிவு வர ஒன்றரை நூற்றாண்டு சென்றது. அதற்குத் தேவையாயிருந்தவை மூன்று: சொந்தமாய்ச் சிறிது நிலம், தடையின்றிக் கூடுதற்கு ஓரிடம், வாக்கு. சாகோசியர் இறங்கிய போது இம்மூன்றில் முதலிரண்டும் அவர்களுக்கு இல்லை.

மறுதலையான சான்றும் ஒன்றுண்டு. அது நம்மவர் பற்றியது. 2021 ஒக்டோபரில், கனடா நோக்கிச் சென்ற படகொன்று நடுக்கடலில் இடருற்றது. அதிலிருந்த 89 பேர் டியாகோ கார்சியாவிற் சேர்க்கப்பட்டனர். பெரும்பாலோர் இலங்கைத் தமிழர், குழந்தைகளும் இருந்தனர். எந்தத் தீவிலிருந்து அதன் மக்கள் அகற்றப்பட்டார்களோ, அதே தீவில் நம்மவர் வேலியிட்ட முகாமிற் கூடாரங்களுள் வைக்கப்பட்டனர். அவர்களுக்கு உணவு வந்தது, மருந்து வந்தது, சுற்றிலும் நீலக்கடல் இருந்தது. ஆயினும் வேலிக்கு வெளியே தம் விருப்பின்படி ஓரடி வைக்க இயலவில்லை. பலர் உள்ளம் சிதைந்தனர்; உயிரை மாய்க்க முயன்றோரும் உண்டு. மூன்று ஆண்டுகளின் பின், 2024 டிசம்பரில், பெரும்பாலோர் ஐக்கிய இராச்சியத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களை அங்கே வைத்திருந்தமை சட்டவிரோதமான தடுத்துவைப்பு என்று அதே மாதம் அவ்வாள்புலத்தின் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உரியவர்க்கு வாசல் அடைத்த தீவு, வேண்டாதவர்க்குச் சிறையாயிற்று. மூன்றாண்டு ஓரிடத்தில் இருந்தும் அவர்கள் குடியிருந்தார்கள் என்று சொல்ல முடியாது. இருத்தல் வேறு, குடியிருத்தல் வேறு.

நிற்க. மீண்டும் சாகோசியரிடம் வருவோம். அவர்கள் வாளாவிருக்கவில்லை. 2000ஆம் ஆண்டில் இலண்டன் உயர்நீதிமன்றம் அவர்களை அகற்றிய சட்டம் செல்லாது என்றது. 2004இல் அரச ஆணையொன்று வாசலை மீண்டும் அடைத்தது. 2008இல் பிரபுக்கள் சபை நீதியரசர் மூவர் அவ்வாணை செல்லும் என்றும், இருவர் செல்லாது என்றும் கூறினர். ஒருவர் வேறுபாட்டில் ஒரு மக்களின் தாயகம் போயிற்று. 2019 பெப்ரவரியில் சர்வதேச நீதிமன்றம், சாகோசைப் பிரித்தமை முறையன்று, பிரித்தானியா விரைவில் நீங்குதல் வேண்டும் என ஆலோசனைக் கருத்து வழங்கியது. அவ்வாண்டு மே மாதத்தில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 116 வாக்குகளால் அதனை வலியுறுத்தியது, எதிர்த்தவை 6.

இவற்றின் பயனாகவே 2025 ஒப்பந்தம் வந்தது. இறைமை மொரீசியசுக்கு. டியாகோ கார்சியாப் படைத்தளம் 99 ஆண்டுக் குத்தகையில் பிரித்தானியாவிடம். சராசரியாக ஆண்டுக்கு 10 கோடியே 10 லட்சம் பவுண் செலுத்தப்படும். சாகோசியர் நலனுக்கென 4 கோடி பவுண் நிதியம். டியாகோ கார்சியா தவிர்ந்த ஏனைய தீவுகளில் மக்களைக் குடியமர்த்த மொரீசியசுக்கு உரிமை உண்டு.

கடைசி வாக்கியத்தை மாணவர்கள் மீண்டும் ஒருமுறை வாசிக்க. எழுவாய் யார்? மொரீசியசு. வினை யாது? குடியமர்த்துதல். அது பிறவினை. சாகோசியர் எங்கே? செயப்படுபொருளாய் நிற்கின்றனர். பேச்சுவார்த்தை மேசையிலும் அவர்களுக்கு அந்த இடமே. கைச்சாத்திடும் நாளன்று காலையிலே, டியாகோ கார்சியாவிற் பிறந்த பெண்மணிகள் இருவரின் முறையீட்டின்மேல் இலண்டன் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்ததும், சில மணி நேரத்தில் அது நீக்கப்பட்டதும் இக்குறையின் வெளிப்பாடேயாம். அம்மக்களிடையேயும் ஒருமித்த கருத்து இல்லை. மொரீசியசில் உள்ளோருட் பலர் இதனை வரவேற்றனர். இங்கிலாந்தின் குறோளி நகரிற் குடியேறியோருட் பலர் எதிர்த்தனர். கருத்து வேறுபடுதல் குற்றமன்று. கருத்தைக் கேளாமையே குற்றம்.

இறைமை மொரீசியசுக்குச் செல்வது நீதி என்பதே என் எண்ணம்; குடியேற்ற ஆட்சியின் எச்சம் நீங்குதல் நன்று. ஆயினும் ஒரு கொடி இறங்கி மறு கொடி ஏறுவதனால் ஒரு குடி ஏறிவிடாது. இதை நான் நூலில் மட்டும் படித்து எழுதவில்லை.

என் ஊர் வலிகாமம் வடக்கில் உள்ளது. 1990இல் வெளியேறினோம். எங்கள் காணி 27 ஆண்டுகள் வேலிக்குள் இருந்து, பின்னர் விடப்பட்டது. என் தாயார் அதைக் காண இருக்கவில்லை. சென்று பார்த்தபோது, வீட்டின் அத்திவாரம் இருந்தது, கிணறு தூர்ந்திருந்தது, அயலில் இருந்த பதினொரு வீட்டாருள் மூவரே திரும்பியிருந்தனர். திரும்பிவிட்டோம் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். ஓராண்டு சென்றபின்னரே உண்மை விளங்கிற்று. நான் திரும்பவில்லை, புதிதாகக் குடியேறினேன். ஒழுங்கைகள் பழையன, அவற்றில் நடப்போர் புதியோர். கிணற்றை இறைத்து, தண்ணீர் தெளிய இரண்டு மாரி சென்றது. பிள்ளைகள் வெளிநாட்டில். அவர்கட்கு அந்த ஊர் என் வாயிலிருந்து கேட்ட ஒரு கதை மட்டுமே. அவர்கள் வரவில்லை என்று நான் நோவதில்லை. வரலாம் என்ற வாசல் திறந்திருப்பதே போதும்.

பெரோஸ் பன்னோசில் 1973இற் பிறந்த குழந்தைக்கு இன்று 50 வயது கடந்துவிட்டது. ஏறத்தாழ என் வயது. அவர்களுக்குப் பின் வந்தோர் எல்லார்க்கும் சாகோஸ் ஒரு கேள்விச் செல்வம். ஆகவே அங்கே நிகழக்கூடியது மீள்வு அன்று. ஒரு வெப்பமண்டலத் தீவிலே முற்றிலும் புதியதொரு வாழ்வு. நல்ல தண்ணீர், மருத்துவம், பள்ளிக்கூடம், கப்பல் வேண்டும். கொப்பறா இனிச் சோறு போடாது. வேறு தொழில் வேண்டும். கடல் உயர்கின்ற காலத்தில் இரண்டு மீற்றர் உயர நிலத்தில் வீடு கட்டுதல் வேண்டும். 2015இல் பிரித்தானிய அரசுக்காகச் செய்யப்பட்ட ஆய்வு, குடியமர்வு இயலாததன்று. செலவும் இடரும் மிக்கது என்றே கண்டது. 150 பேர், 500 பேர், 1,500 பேர் என மூவகைத் திட்டத்தையும் கணக்கிட்டது. மறு ஆண்டு அரசு அதை மறுத்தது. செலவு என்றது, பாதுகாப்பு என்றது. கணக்கு இனி மொரீசியசின் கைக்குப் போகுமானால், விடை மட்டும் தானே மாறிவிடுமா?

மாறவேண்டுமாயின் வினையின் இயல்பு மாறுதல் வேண்டும். எத்தனை பேர், எந்தத் தீவில், எவ்வகைத் தொழில், பிள்ளைகளுக்கு எம்மொழி என்பவற்றை அம்மக்களே தீர்மானித்தல் வேண்டும். நிதியம் அவர்கள் கையில் இருத்தல் வேண்டும். குடியேற விரும்புவோர்க்குக் கப்பலும், விரும்பாதோர்க்கு இருக்கும் நாட்டிலேயே மதிப்பான வாழ்வும் வேண்டும். டியாகோ கார்சியாவில் உள்ள இடுகாட்டுக்கு எல்லார்க்கும் வழி வேண்டும். 2006இல் ஏறக்குறைய 100 பேர் அங்கே அழைத்துச் செல்லப்பட்டனர். தங்கிக் குடியிருக்க அன்று, பார்த்து மீள. சென்றவர்கள் முதற்கண் செய்தது முன்னோரின் கல்லறைகளைத் துப்புரவாக்கியமை. எவரும் அதைச் செய்யுமாறு அவர்களுக்குக் கட்டளையிடவில்லை. அது தன்வினை.

அடுத்த வகுப்பிலே இவற்றைச் சுருக்கிச் சொன்னேன். அம்மாணவி மீண்டும் எழுந்தாள். "ஐயா, குடியேற்றப்பட்டவர் எப்போது குடியேறியவர் ஆவார்?" என்று கேட்டாள். நன்னூலில் அதற்குச் சூத்திரம் இல்லை. "உங்கள் கிராமத்தில் எப்படி?" என்று நானே அவளைக் கேட்டேன். சிறிது யோசித்தாள். "வீட்டுத் திட்டத்தில் தந்த வீட்டுக்கு அப்பா போன வருஷம் பின்பக்கம் ஒரு பத்தி இறக்கினவர், ஐயா. யாரையும் கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் அம்மா அதை 'எங்கட வீடு' என்று சொல்லத் தொடங்கினா" என்றாள்.

அதற்குமேல் அன்று நான் பாடம் நடத்தவில்லை.